காலம் யாருக்குச் சொந்தம்?

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் வழியில் குமராட்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில், கீழணையிலிருந்து புறப்படும் வடக்கு ராஜன் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் நாளைக்கொண்டு நாற்று விடுவதையும், நாற்றின் வயதைக்கொண்டு நடவையும், அறுவடை முடியும் காலத்தைக்கொண்டு வீட்டுச் சுபகாரியங்களையும் நிச்சயித்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் அடியோடு போய்விடவில்லை. அதே கிராமங்களில், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை எதிர்பார்த்து நடுநிசியில் எழுந்து மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர்களும், அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து, தங்கள் முறை வரும்வரையில் தார்ப்பாயைப் போர்த்திப் பகலிரவாகக் காவல் கிடக்கிறவர்களும் இருக்கிறார்கள். முன்னது, உழைக்கிறவன் தானே அறிந்து தானே நடத்துகிற காலம். பின்னது, வேறொருவர் வகுத்துக் கொடுக்கும்வரை அவன் காத்துக் கிடக்கிற காலம். இந்த இரண்டுக்கும் உள்ள பேதத்தை, சித்தாந்த நூல் எதையும் புரட்டாமல், ஒரு மனிதனையும் ஒரு கடிகாரத்தையும் ஒரு தீவையும் மாத்திரம் வைத்துக்கொண்டு எடுத்துக்காட்டிய திரைப்படம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 'காஸ்ட் அவே' என்பது அதன் பெயர். வில்லியம் பிராய்ல்ஸ் எழுத, ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்க, டாம் ஹாங்க்ஸ் நடித்த அந்தப் படத்தைப் பலர் ஒரு சாகசக் கதையாகவே பார்த்து ரசித்திருக்கிறார்கள். விமானம் விழுகிறது, ஒருவன் மட்டும் பிழைக்கிறான், நான்கு ஆண்டுகள் தனியே வாழ்ந்து கரைசேருகிறான் என்ற அளவில் அது சாகசக் கதைதான். ஆயினும் அதன் முதல் அரை மணி நேரத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு, அது ஒரு பெரிய விசாரணையின் முன்னுரை என்பது விளங்காமல் போகாது.

கதாநாயகன் சக் நோலண்ட், ஃபெடெக்ஸ் என்னும் அமெரிக்கத் தபால் பொதி ஸ்தாபனத்தில் வேலை பார்ப்பவன். உலகெங்கும் உள்ள கிளைகளுக்குப் பறந்து சென்று, பொதிகள் எங்கே தாமதமாகின்றன என்று கண்டுபிடித்து, அந்தத் தாமதத்தைக் களைவதே அவன் உத்தியோகம். சோவியத் ஆட்சி மறைந்து சில ஆண்டுகளே ஆன மாஸ்கோவில், புதிதாகச் சேர்ந்த ரஷ்யத் தொழிலாளிகளின் முன்னால் நின்றுகொண்டு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட ஒரு பொதியை அவன் பிரிக்கிறான். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகை. அனுப்பிய கணத்திலிருந்து கைக்கு வந்த கணம் வரையில் 87 மணி நேரம் கடந்துவிட்டதென்று அது காட்டுகிறது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு, இது பெரும் அவமானம் என்று அவன் கர்ஜிக்கிறான். காலம் நம்மை இரக்கமின்றி ஆளுகிறது, அதற்கு முதுகு காட்டுவது பாவம் என்று பிரசங்கம் செய்கிறான். மொழிபெயர்ப்பாளன் அதைத் திருப்பிச் சொல்ல, குளிர்காலத்து மேலங்கிகளோடு நிற்கும் அந்த ஜனங்கள் அவனை வியப்போடு பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில், பொதி வண்டியின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடப்பட்டிருப்பதைக் கண்ட அவன், நடுச் சதுக்கத்தில் பனியிலேயே மேசையைப் போட்டுப் பொதிகளைப் பிரித்து அடுக்கவைக்கிறான். பொதிக்குள் இருப்பது மருந்தா, விளையாட்டுச் சாமானா, ஒருவரும் அவசரமாகக் கேட்காத காகிதமா என்பது பற்றி அங்கே எவரும் விசாரிப்பதில்லை. எது இருந்தாலும் விரைவாகப் போகவேண்டும் என்பதே அங்கே மதம்.

பொருள் எதற்காக என்ற கேள்வி அற்றுப்போய், எவ்வளவு சீக்கிரம் என்ற கேள்வி மாத்திரம் எஞ்சி நிற்பதுதான் முதலாளித்துவ சமுதாயத்தின் விசேஷ லட்சணம். முதலீடு செய்த பணம் பொருளாகி, பொருள் விலையாகி, விலை மறுபடி பணமாகித் திரும்பிவரும் சுற்று எவ்வளவு துரிதமாக நிகழ்கிறதோ அவ்வளவுக்கு லாபம் பெருகும் என்பதை மார்க்ஸ் விரிவாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 'மூலதனம்' என்னும் அவருடைய நூலில் வேலை நாளின் நீளத்தைப் பற்றி உள்ள அத்தியாயம், பத்து நிமிஷம் முன்னதாகவும் பத்து நிமிஷம் பின்னதாகவும் ஆலைகள் தொழிலாளியிடமிருந்து கள்ளத்தனமாகக் கவர்ந்துகொண்ட அற்ப நேரங்களின் கணக்கை அரசாங்க ஆய்வாளர்களின் அறிக்கைகளிலிருந்தே எடுத்துக் கோத்துக் காட்டுவது. கடிகாரத்தின் ஆட்சி என்பது, இந்தக் கண்கொண்டு பார்த்தால், காலத்தின்மீது உள்ள பக்தியன்று. ஒருவனுடைய காலத்தை மற்றொருவன் விலைக்கு வாங்கி, வாங்கிய சரக்கில் துளியும் சிந்தாமல் அளந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடேயாகும்.

இந்த ஏற்பாட்டுக்கு ரயில்பாதைகள் பெரிதும் துணை செய்தன. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தையே உச்சிப்பொழுதாகக் கொண்டிருந்த நிலை மாறி, 1883ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் தங்கள் நாட்டை நேர மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொண்டன. நம் நாட்டிலோ, 1792ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவந்த வானாய்வு நிலையத்தின் நேரத்தை ரயில்வேக்கள் பின்பற்றின. 1906ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலிருந்து தேசத்துக்கென்று பொதுவான ஒரு நேரம் அமலுக்கு வந்தது. ஆறு காலப் பூஜையின் மணியோசையால் பொழுதை அறிந்துவந்த சிதம்பரமும், ரயில் வந்தபின் தன் பொழுதை நிலையத்துக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 'காஸ்ட் அவே' படத்தில் சக் நோலண்டுக்கு அவன் காதலி கெல்லி கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதும் ஒரு ரயில் கடிகாரமே என்பது தற்செயலான காரியமன்று. ஸதர்ன் பஸிஃபிக் என்னும் ரயில்பாதையில் வேலை பார்த்த அவளுடைய பாட்டனார் உபயோகித்த சட்டைப்பைக் கடிகாரம் அது. மூடியின் உட்புறத்தில் அவளுடைய சிறிய படம் ஒட்டியிருக்கிறது. அதை எப்போதும் தம் ஊர் நேரத்திலேயே வைத்திருப்பதாக அவன் வாக்குக் கொடுக்கிறான். உடனே திரும்பிவந்துவிடுவதாகவும் சொல்கிறான். பேஜர் ஒலித்து அவனைக் கூப்பிட்டுவிட்டது, விமானம் காத்துக்கொண்டிருக்கிறது.

பசிஃபிக் சமுத்திரத்தின்மேல் அந்த விமானம் விழுந்தபின், அவன் ஒதுங்கிய தீவில் முதலில் மரணிப்பவை அந்தப் பேஜரும் கடிகாரமும்தான். உப்புநீர் புகுந்து கடிகாரம் நின்றுவிடுகிறது. நின்ற கடிகாரத்தை அவன் எறிந்துவிடவில்லை. அதற்குள் இருக்கும் முகத்துக்காக நான்கு ஆண்டுகளும் போற்றி வைத்திருக்கிறான். நேரம் காட்டுவதற்கென்று செய்த கருவி நேரம் காட்ட இயலாமற்போன பிறகுதான் அவனுக்கு மெய்யாகவே அவசியமான பொருளாகிறது. படத்தை எடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவைக்கவில்லை. குகைக்குள் தீயின் வெளிச்சத்தில் அவன் அந்த மூடியைத் திறந்து பார்க்கும்போது, நாமே அதைத் தெரிந்துகொள்கிறோம்.

கரையில் ஒதுங்கிய பொதிகளின் சரித்திரமும் அப்படிப்பட்டதே. முதல் சில நாட்கள் அவற்றை அவன் பிரிப்பதில்லை. ஸ்தாபனத்தின் ஊழியனாகவே இருந்து, முகவரி பார்த்து அடுக்கி வைக்கிறான். பசியும் குளிரும் மிஞ்சியபின் பிரிக்கிறான். ஒரு ஜோடி பனிச்சறுக்குக் காலணி, சில வீடியோ நாடாக்கள், வலைத்துணி தைத்த ஓர் ஆடம்பர உடை, ஒரு கைப்பந்து. விமானச் செலவும் இரவுக் கூலியும் ஏற்றுக்கொண்டு உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த சரக்குகள் இவைதாம் என்பதைப் பார்க்கையில் நமக்கு ஒரு திகைப்பு உண்டாகிறது. ஆனால் தீவில் அவை ஒவ்வொன்றும் மறுபிறப்பு எடுக்கின்றன. காலணியின் இரும்பு விளிம்பு கத்தியாகிறது, பின்னொரு நாள் சொத்தைப் பல்லைப் பெயர்க்கும் உளியாகிறது, ஆடையின் வலை மீன் பிடிக்கிறது, நாடா கயிறாகிறது, இரத்தக்கறை படிந்த கைப்பந்து, வில்சன் என்ற பெயரோடு பேச்சுத் துணையாகிறது. சந்தையில் ஒரு பொருளுக்குள்ள மதிப்பு வேறு, அதன் உபயோகத்தால் வரும் மதிப்பு வேறு என்று பொருளாதார நூல்கள் சொல்லும் பேதத்தை இவ்வளவு எளிதாகக் காட்டிய கலைப்படைப்பு அதிகமில்லை. 1719ஆம் ஆண்டில் டேனியல் டிஃபோ எழுதிய 'ராபின்ஸன் குருஸோ'வும் தீவில் தனித்தவனின் கதைதான். ஆயினும் குருஸோ தூணில் நாட்களைக் கீறி, நன்மை தீமைகளைக் கணக்குப் பேரேடு போல எழுதி, தீவையே தன் ஆஸ்தியாகப் பாவித்து, தான் விட்டுவந்த வியாபார உலகத்தைத் தீவிலும் ஸ்தாபித்துவிட்டவன். மார்க்ஸ்கூடத் தம் நூலில் அவனை உதாரணமாக எடுத்துக்கொண்டு, கடிகாரமும் பேரேடும் பேனாவும் மையும் கைக்குக் கிடைத்த ஆங்கிலேயன் வேறு என்ன செய்வான் என்ற தொனியில் பேசுகிறார். சக் நோலண்டோ எதையும் சொந்தமாக்கிக்கொள்வதில்லை, ஒவ்வொன்றாக இழக்கிறான். இறுதியில் தன் துணையாகிய வில்சனையும் அலை கொண்டுபோய்விட, மிதவையில் படுத்துக் குலுங்கி அழுகிறான்.

தீவில் காலம் இல்லாமற் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. இந்தப் படத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே என்பது என் அபிப்பிராயம். குகையின் துவாரத்தின் வழியே விழும் வெயிலின் இடம் நாளுக்கு நாள் நகர்வதை அவன் பாறைச் சுவரில் குறித்துக்கொண்டே வருகிறான். அந்தக் குறிகளைக்கொண்டு மாதங்களை அறிகிறான். எந்தப் பருவத்தில் காற்று திசை மாறி, அலையைத் தாண்டி மிதவையைச் செலுத்த இடங்கொடுக்கும் என்று நிர்ணயிக்கிறான். எவ்வளவு கயிறு வேண்டும், அதைத் திரிக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டு, மாஸ்கோவில் அன்று பேசிய அதே பிரசங்கத்தின் சொற்களையே வில்சனிடம் திரும்பச் சொல்லிக்கொண்டு வேலையில் இறங்குகிறான். சொற்கள் அவையே, பொருள் தலைகீழாகிவிட்டது. அங்கே பிறருடைய நேரத்தைப் பிழிவதற்காகச் சொன்னான். இங்கே உயிரோடு கடலைத் தாண்டுவதற்காகச் சொல்கிறான். காற்றையும் வெயிலையும் பார்த்து நாள் குறிக்கும் அந்த நிலை நம் டெல்டா விவசாயிக்கு அந்நியமானதன்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐக் கணக்காக வைத்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரும் நாளை ஊகித்து, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் சம்பா நாற்று வேரூன்றிவிட வேண்டுமென்று கணித்து நடுகிறவனும் கடிகாரத்தைவிட நுட்பமான காலக் கணிதம் உடையவனே. அந்தக் கணிதத்துக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனம் எதுவும் இல்லாததால் அதை ஒரு வித்தையென்று நாம் மதிப்பதில்லை.

குமராட்சி ஒன்றியத்தில் கொள்ளிடத்தின் ஓரமாக உள்ள பெராம்பட்டு, திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி போன்ற கிராமங்களுக்குத் தனித்துப்போவது என்றால் என்னவென்று ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் மேட்டூர் நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்பட்டபோது, அந்தக் கிராமங்களை வெள்ளம் சூழ்ந்துகொண்டது. ஜனங்கள் படகில் ஏறி வெளியே வந்தார்கள். மேட்டு நிலத்தில் மாட்டைக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் எந்தப் படி வரையில் ஏறியிருக்கிறது, எந்தப் படிக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொழுதை ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு, மணி எத்தனை என்பது ஒரு பொருட்டா? அப்படிப்பட்ட நாட்களில் அண்டை வீட்டில் அடுப்பு எரிந்ததா, முதியவர் மாத்திரையைச் சாப்பிட்டாரா என்பவைதாம் நேரத்தின் அளவுகளாகின்றன.

படத்தின் கடைசிப் பகுதிக்கு வருவோம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவன் மீட்கப்பட்டு மெம்ஃபிஸுக்குத் திரும்புகிறான். ஸ்தாபனம் விருந்து வைக்கிறது. எல்லோரும் போனபின் மேசையில் மீந்து கிடக்கும் நண்டுக் கால்களில் ஒன்றை அவன் எடுத்துப் பார்க்கிறான். ஒரு லைட்டரை எடுத்துத் தட்டித் தட்டித் தீயை உண்டாக்கி அணைக்கிறான். உள்ளங்கை கிழிய நாளெல்லாம் கட்டையைத் தேய்த்து அவன் பெற்ற தீ, இப்போது விரல் நுனியில் வந்துபோகிறது. வசதியின் நடுவே நிற்கும் ஒரு மனிதன் அந்த வசதிக்குப் பின்னால் உள்ள உழைப்பு முழுவதையும் தன் உடம்பில் ஞாபகம் வைத்திருக்கிறான் என்பதை அந்தச் சிறு தீப்பொறி சொல்லிவிடுகிறது. அன்றிரவு மெத்தையை விட்டுத் தரையில் படுக்கிறான்.

இதைவிடவும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. விபத்துக்கு முன், அவனுடைய நண்பன் ஸ்டானின் மனைவி புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருக்கிறாள். விமானத்தில் பக்கத்து ஆசனத்தில் நண்பனிடம் சக் அதைப் பற்றிப் பேசும்போது, நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும், விசாரித்துச் சொல்கிறேன் என்று, பொதி சேரவேண்டிய முகவரியைக் குறித்துக்கொள்ளும் தோரணையிலேயே பேசுகிறான். அதிலே அன்பு இல்லாமலில்லை. நின்று கேட்க அவகாசமில்லாத அன்பு அது. திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணி இறந்துபோயிருக்கிறாள். நான் உன்னோடு இருந்திருக்க வேண்டும், இல்லாமற்போனேன் என்று நண்பனிடம் அவன் தழுதழுக்கிறான். காலத்தின்மீது வெறிகொண்ட சமுதாயம் உண்மையில் திருடிக்கொள்வது இதைத்தான். துக்கத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் பத்தி ஒதுக்கப்படுவதில்லை.

இந்தப் படத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. கதை முழுவதிலும் ஃபெடெக்ஸின் சின்னம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஸ்தாபனத்தை ஸ்தாபித்த ஃப்ரெட் ஸ்மித் தாமாகவே வந்து வரவேற்புக் காட்சியில் தோன்றுகிறார். விளம்பரத்துக்காகப் பணம் பெறவில்லை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார், அதை நம்பலாம். இருந்தும், தீவில் ஒரே ஒரு பொதியை மட்டும் பிரிக்காமல் பாதுகாத்து, கடைசியில் உரியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதாநாயகன், ஒருவகையில் அந்த ஸ்தாபனத்தின் உத்தம ஊழியனாகவே முடிகிறான். 2003ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனியே இக்கதையைத் தழுவி ஒரு தொலைக்காட்சி விளம்பரமும் எடுத்துக்கொண்டது. முதலாளித்துவத்தின் ஜீரண சக்தி அத்தகையது. தன்மீது எய்யப்படும் கண்டனத்தையும் அது விழுங்கி விற்பனைக்கு வைத்துவிடும். மேலும், மாஸ்கோவில் பனியில் நின்று பொதி அடுக்கிய தொழிலாளிகள் பிறகு என்னவானார்கள் என்று படம் திரும்பிப் பார்க்கவில்லை. ஞானம் பெற்றது மேலதிகாரி ஒருவன் மாத்திரமே.

அந்தத் தொழிலாளிகளின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதைகள் நம் தென்னாட்டில் தோன்றியிருக்கின்றன. பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' என்ற மலையாள நாவலை ப்ளெஸ்ஸி திரைப்படமாக்கி 2024 மார்ச்சில் வெளியிட்டார், ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். வளைகுடாவுக்கு வேலை தேடிப் போன நஜீப், விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போன ஒருவனால் பாலைவனத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் அடைபட்டு, கூலியும் செய்தியும் பேச்சும் இன்றி ஆண்டுக்கணக்கில் உழல்கிறான். சக் நோலண்டைத் தீவு கம்பெனியின் காலத்திலிருந்து விடுவித்தது; நஜீபையோ பாலைவனம் பிறன் ஒருவனின் காலத்துக்குள் பூட்டிவைத்தது. அங்கே கடிகாரம் நின்றது கடல்நீரால். இங்கே ஒருவன் ஆயுளின் ஒரு பகுதியையே எசமானன் தன் உடைமையாக எடுத்துக்கொண்டதால் நாட்காட்டி அர்த்தமற்றுப்போயிற்று. எந்தச் சட்டத்தின் பேராலும் அந்த எசமானனுக்கு அவன்மீது பாத்தியதை இருக்கவில்லை என்பது கதையின் முடிவில் தெரியவரும்போது, பார்க்கிறவர் வயிறு எரிகிறது. லால்பேட்டையிலும் காட்டுமன்னார்கோயிலிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருக்கள் குறைவு. அந்த வீடுகளில் இப்படத்தை ஒரு கற்பனையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்றொன்று 2021ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழில் வந்த 'அன்பிற்கினியாள்'. மாத்துக்குட்டி சேவியர் இயக்கி, புதுமுக இயக்குநருக்கான தேசிய விருது பெற்ற 'ஹெலன்' என்ற 2019ஆம் ஆண்டு மலையாளப் படத்தின் தமிழ் வடிவம் இது. கோகுல் இயக்க, அருண் பாண்டியனும் அவர் மகள் கீர்த்தி பாண்டியனும் தந்தையும் மகளுமாகவே நடித்தார்கள். நர்ஸிங் படித்துவிட்டு வெளிநாடு போகும் கனவோடு கோழி உணவு விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கும் பெண், இரவு கடை மூடும் வேளையில் பொருள்களை உள்ளே வைக்கக் குளிர்ப்பதன அறைக்குப் போகிறாள். வெளியே கதவு பூட்டப்படுகிறது. கெடுதல் நினைத்துச் செய்தவர் ஒருவருமில்லை. கடையை நேரத்துக்கு மூடினார்கள், அவ்வளவே. இறைச்சி கெடாமலிருக்க அமைத்த யந்திரம் தன் கடமையைப் பிசகில்லாமல் செய்துகொண்டிருக்க, அதற்குள்ளே ஓர் உயிர் சிறிது சிறிதாக உறைந்துகொண்டிருக்கிறது. அட்டைப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் உறைகளையும்கொண்டு அந்தப் பெண் தன் உடம்பைக் காத்துக்கொள்ளும் காட்சிகள், தீவில் பொதிகளைப் பிரித்தவனையே நினைவூட்டுகின்றன. வெளியே தகப்பன் தேடுகிறான். போலீஸ் நிலையத்தில் ஓர் அதிகாரியின் வீம்பு விலைமதிப்பற்ற மணி நேரங்களை விழுங்குகிறது. கடைசியில் அவள் வெளியே போகவில்லை என்பதை உணர்த்துகிறவர் அந்தக் கட்டடத்தின் காவலாளி. வரும்போதும் போகும்போதும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவள் அவள். அன்று வரும்போது சிரித்தவள், போகும்போது சிரிக்கவில்லையே என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறது. கணினிக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் தெரியாத ஒன்றை, நாள் முழுவதும் நின்றுகொண்டிருப்பதற்காகச் சொற்பச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் தெரிந்துவைத்திருக்கிறார். பெரிய பிரசங்கம் எதுவும் செய்யாத அந்தப் படத்தில், நம் காலத்து வியாபார சமுதாயத்தின்மேல் சுமத்தப்பட்ட மிகக் கடுமையான குற்றச்சாட்டு அந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது.

இவையெல்லாம் திரைப்படத்தோடு நின்றுவிடுகிற விஷயமன்று என்பதற்கு நம் மாகாணத்துச் சரித்திரமே சாட்சி. 1918ஆம் ஆண்டு ஏப்ரலில், பி. பி. வாடியாவைத் தலைவராகவும் திரு. வி. க.வை உபதலைவர்களுள் ஒருவராகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளிகளின் முதன்மையான முறையீடுகளில் ஒன்று, மத்தியான உணவுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பதுதான். கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றை அள்ளி விழுங்கி, மறுபடி யந்திரத்தின் முன் வந்து நிற்பதற்கு அந்த அரை மணி போதாது. அதற்காக ஒரு சங்கமே காண வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்று, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடந்தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்து எழுந்ததன்மேல், அது நிறுத்திவைக்கப்பட்டு, அந்த ஆண்டின் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021இல், கடை ஊழியர்கள் வேலையின் நடுவே உட்காருவதற்கு ஆசனம் போட்டாக வேண்டும் என்று ஒரு சட்டம் செய்யவேண்டியிருந்தது. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி கிடைப்பதற்கு இருபத்தோராம் நூற்றாண்டில் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அண்மை ஆண்டுகளில் மாநகரங்களில் பத்து நிமிஷத்தில் காய்கறி, பத்து நிமிஷத்தில் பால் என்று ஆரவாரமான வாக்குறுதிகள் கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அந்தப் பத்து நிமிஷத்தை உண்டாக்குகிறவன், மழையில் நனைந்து, எதிர்த்திசையில் வண்டியைச் செலுத்தி, சிவப்பு விளக்கில் நெஞ்சு படபடக்க நிற்கும் ஒரு வாலிபன். அவனும் பெரும்பாலும் நம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போனவனாகவே இருப்பான். வீட்டில் இருப்பவருக்கு மிச்சமாகும் நேரம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. தெருவில் இருப்பவனிடமிருந்தே எடுக்கப்படுகிறது. குமராட்சிப் பக்கத்து விவசாயி நெல் குவியலின் அருகே காத்துக் கிடக்கும் நாட்களும் இதே கணக்கில் சேர வேண்டியவை. யாருடைய காலம் விலையுள்ளது, யாருடைய காலம் விலையற்றது என்று ஒரு சமுதாயம் தீர்மானிப்பதைக்கொண்டே அதன் நீதியை அளந்துவிடலாம்.

'காஸ்ட் அவே' படத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கதாநாயகன் தீவில் நான்கு ஆண்டுகள் கழித்து உடல் மெலிந்து காட்சி தரவேண்டும் என்பதற்காக, படப்பிடிப்பைப் பாதியில் சுமார் ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். அந்த அவகாசத்தில் டாம் ஹாங்க்ஸ் உடல் இளைத்து, தாடி வளர்த்து வந்தார். லாபத்துக்காகவே இயங்கும் ஹாலிவுட்டில் ஒரு கதையின் உண்மைக்காக ஓராண்டு காத்திருந்தார்கள் என்பது சாமானிய விஷயமன்று. ஃபிஜியின் மோனுரிக்கி என்னும் தீவில் எடுத்த அந்தக் காட்சிகளில் பின்னணி இசையும் கிடையாது. அவன் தீவை விட்டுக் கடலில் கலக்கும் வரையில் அலையும் காற்றும் மட்டுமே கேட்கின்றன.

படங்களைக் கைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் இக்காலத்தில் பலருக்கு வந்திருக்கிறது. வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: இந்தப் படத்தில் அந்தத் தீவுப் பகுதியையாவது, தள்ளிவிடாமலும் வேகம் கூட்டாமலும், அது எடுக்கப்பட்ட வேகத்திலேயே வீட்டாரோடு உட்கார்ந்து பாருங்கள். அன்றைய தினம் வீட்டு வாசலில் பொதி கொண்டுவந்து கொடுக்கும் பையன் தாமதமாக வந்தால், தாமதத்துக்காக அவனைக் கடிந்துகொள்ளாமல், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.